பெள்ளி

குடுவையின் அடியில் வெள்ளை ஊசிகள்.
கரைசல் மறுபடி உறைந்துவிட்டது.
பூட்டைத் திறந்த ஃபிலோமினா
குட்மார்னிங்குக்கு முன்பே இதைத்தான் சொன்னாள்.

இந்தச் சோப்பு
இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே வேலைக்கு வராது.
செய்முறை எழுதியவர் எவரும்
ஜனவரியில் ஃபிங்கர்போஸ்ட்டில்
வாடகைக்கு இருந்தவரில்லை.

சூடாக்கிக் கரைத்து, மறுபடி தொடக்கம்.
தங்க உப்பு விட்டால் மஞ்சள்.
வைட்டமின் சி விட்டால் நிறம் போய்விடும்.
தங்கம் அங்கேயேதான் இருக்கும்,
தன்னைக் காட்டிக்கொள்ளாது.
விதைக் கரைசல் பன்னிரண்டு மைக்ரோலிட்டர்.
பிறகு ஒன்றும் நடக்காத
இருபது நிமிடம்.
அந்த இருபது நிமிடத்தில் நான் எதையும் நம்புவதில்லை,
ஓரமாய் ஒரு நீலம் கசியும்வரை.

வெள்ளி நைட்ரேட்தான் தீர்மானிக்கிறது.
கொஞ்சம் விட்டால் கோல் குட்டை, நீலம்.
இன்னும் விட்டால் பச்சை.
அதற்கும் மேலே
யாரும் புடவைக்குத் தேர்ந்தெடுக்காத ஒரு பழுப்பு.
அதே தங்கம், அதே எடை.
நீளம் மாறியது, ஒளி வேறு ஆளைப் பார்த்ததுபோல்
நின்றுவிட்டது.

பதினாறாம் தேதி ராத்திரி
கற்பூர மரம் விழுந்து கம்பி அறுந்தது.
வெந்நீர்த் தொட்டி ஆறத் தொடங்கியது:
இருபத்தொன்பது, இருபத்தெட்டு.
குடுவையைத் துண்டில் சுற்றி
ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன்.
அசைக்கக் கூடாது என்பது விதி.
ஸ்டூலில் நிமிர்ந்து ஆறு மணி நேரம்.
ஒரு தும்மல் வந்தது,
விழுங்கினேன்.

காலையில் நிறமாலை எடுத்தபோது
கேட்டது எழுநூற்றைம்பது நானோமீட்டர்,
கிடைத்தது எழுநூற்றுப் பத்து.
குறைந்த நாற்பது
என் உடம்பு.
நோட்டில் 'தொட்டி, முப்பது டிகிரி' என்று
கை தானாக எழுதிவிட்டது.
அதை அடித்துவிட்டு எழுதினேன்: ஸ்வெட்டர்.

கோயமுத்தூரில் எலக்ட்ரான் நுண்ணோக்கி
மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
திரையில் என் கோல்கள்
சிதறிய சீரக மிட்டாய் மாதிரி கிடந்தன.
சிலது மட்டும் குண்டு.
அந்தத் தும்மலாக இருக்கலாம்.

திரும்பும் வழியில் கல்லாறு சோதனைச்சாவடி.
பாட்டில் தேடிய காவலர் கார்மேகம்
தெர்மகோல் பெட்டியைத் திறந்தார்.
நாலு பிளாஸ்டிக் குழாய், நாலு நிறம்.
"என்னங்கம்மா, சாயமா?"
"தங்கமுங்க."
"எத்தனை பவுன்?"
"நாலும் சேர்த்து ஒரு மில்லிகிராம் வராதுங்க."
பஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கொய்யா விற்றவரிடம்
ஒரு சிட்டிகை உப்பு வாங்கினேன், மிளகாய் கலக்காதது.
சிவப்புக் குழாயில் போட்டு ஆட்டினேன்.
ஒரு மூச்சுக்குள்
குங்குமம் கத்தரிப்பூவாகி
மைநீலமாயிற்று.
"மறுபடி சிவப்பாக்குங்க பார்ப்போம்."
"முடியாதுங்க. ஒட்டிக்கிச்சு."
மூன்று வாரத்து வேலை அது.
அவர் குழாயை வெயிலில் பிடித்து
அப்படியே நின்றார்.
பின்னால் மலையும் அதே நிறத்தில் இருந்தது,
கிட்டே போனால் இருக்காது.

அடையாள அட்டையைப் படித்தார்.
"மாலினி பெள்ளி. பெள்ளின்னா?"
"அப்பா பேருங்க. எங்க படுக பாஷையில
வெள்ளி."
"வெள்ளி பொண்ணு தங்கம் செய்யுதா" என்றார்,
சொல்லிவிட்டு அவரே திகைத்தார்.
நான் திகைக்கவில்லை.
எத்தனை துளி அப்பா
என் நீளத்தைத் தீர்மானித்தார் என்று
ஃபிங்கர்போஸ்ட் குளிரில்
எப்போதோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.
சரியாக வரவில்லை.

பதினாலு கொண்டை ஊசி.
ஆறாவது வளைவிலேயே ஜன்னல் வழி குளிர்.
மிச்சம் மூன்று குழாயையும் எடுத்து
ஸ்வெட்டருக்குள் போட்டேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
தள்ளி உட்கார்ந்தார்.